பாடாத பறவையைப் பாடுது என்றேன்

நடமாட்டக் கட்டுப்பாடெல்லாம் முடிந்து, எல்லோரும் முகக்கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்ட மறு வருஷம் அது. ஜொகூரில், கோத்தா திங்கி போகும் வழியில் ஒரு செம்பனைத் தோட்டம் இருக்கிறது. அதன் கோடியில் ஒரு சின்ன ஆறு. ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை ஒரு பழைய தண்ணீர்க் குழாய் போகும். அந்தக் குழாயில் உட்கார்ந்துகொண்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், என் உயிர் நண்பனிடம் ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல்தான். இதுவரை என் மனைவியிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

அவனும் நானும் பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தோம். எனக்குக் கிடங்கு, அவனுக்குக் கம்ப்ரசர் அறை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், தொழிற்சாலைப் பேருந்துக்காக ஐம்பது பேர் நின்றுகொண்டிருந்தோம். மின்கம்பியில் ஒரு பஞ்சுருட்டான் பறவைக் கூட்டம் வந்து உட்கார்ந்தது. பச்சையும் நீலமுமாக, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஐம்பது பேரில் அண்ணாந்து பார்த்தது இரண்டே பேர்தான். பேருந்து வந்ததையும் பார்க்கவில்லை, போனதையும் பார்க்கவில்லை. மேற்பார்வையாளரிடம் இருவரும் சேர்ந்தே திட்டு வாங்கினோம். அப்படி ஆரம்பித்தது எங்கள் சிநேகம்.

அவன் தங்காக் துணிக்கடை வீதியில் வளர்ந்தவன். கடை வாசல் கூரைக்கு அடியில் கூடு கட்டும் தகைவிலான்களைப் பார்த்துப் பார்த்தே பறவைப் பைத்தியம் பிடித்தவன். நான் குளுவாங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சின்ன வயதில் எங்கள் இருவரையும் வீட்டில் பிழைக்கத் தெரியாதவன் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பிழைக்கத் தெரியாதவர்கள் ஒன்று சேர்ந்தால் கேட்கவா வேண்டும். ஜொகூரில் அப்போது வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஷிப்டில் இருந்த அவன் யாரிடமாவது கெஞ்சி, அவர்களுடைய தீபாவளி, பெருநாள் ஷிப்டையெல்லாம் தன் தலையில் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமையை மட்டும் காலியாக வைத்துக்கொள்வான்.

எங்களிடம் ஒரே ஒரு தொலைநோக்கி. அவனுடையது. பறவை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், புதுப் பறவை ஒன்று கிளையில் தெரிந்தால் கிடைப்பது மூன்று நொடி, நான்கு நொடி. அந்த நேரத்தில் சொந்தத் தம்பிகூடத் தொலைநோக்கியைக் கொடுக்க மாட்டான். இவன் கழுத்திலிருந்து கழற்றி என் கையில் திணிப்பான்.

"மொதல்ல நீ பாரு."

நான் பார்த்து முடித்துத் திருப்பிக் கொடுப்பதற்குள் பாதி நேரம் பறவை போயிருக்கும். "என்ன கலரு? வால் எப்படி?" என்று கேட்பான். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, தானே பார்த்த மாதிரி சந்தோஷப்படுவான். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் அடுத்த தடவையும் நான்தான் முதலில் பார்ப்பேன். அவன் கொடுத்துக்கொண்டே இருந்தான், நான் வாங்கிக்கொண்டே இருந்தேன். அதுதான் எங்கள் இருவருடைய சுபாவமும்.

கம்ப்ரசர் அறை இரைச்சலில் மனிதக் குரல் கேட்காது. கையால்தான் பேசிக்கொள்வார்கள். காதில் மாட்ட ஒரு தடித்த காதடைப்பு கொடுப்பார்கள். ஒப்பந்தத்தில் வரும் நேப்பாளத் தொழிலாளிகளுக்கு அது வந்து சேர மாதக்கணக்காகும். அதுவரை இவன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தன் காதில் பஞ்சை வைத்துக்கொள்வான். ஒருவருக்கு வந்து சேர்ந்ததும் அடுத்தவர் வந்திருப்பார். பெரிய தர்மப் பிரபு என்று நான் கிண்டல் செய்வேன். "அவன் நல்ல காதோட ஊருக்குப் போகட்டும் லா" என்பான். கிண்டல் செய்ததற்குப் பதிலாக அவன் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும் நான்.

ஐம்பதை நெருங்கும்போது அவனுக்குப் பறவைகள் ஒவ்வொன்றாக ஊமையாகத் தொடங்கின. மெல்லிய கீச்சுக் குரல்கள்தான் முதலில் போயின. தேன்சிட்டு போயிற்று. பிறகு தையல்சிட்டு. ஒரு நாள் எங்கள் தலைக்கு மேலேயே ஒரு தையல்சிட்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. நான் அதைப் பற்றி ஏதோ சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "கத்துதா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் மறக்கவில்லை. காகம் கேட்கும், குயில் கேட்கும், செண்பகம் கேட்கும். பாட்டு என்று சொல்லும்படியானதெல்லாம் போய்விட்டது.

அந்த நிலைமையில்தான் அவன் பராவ்-பராவைக் கண்டுபிடித்தான். மலாய்க்காரர்கள் வைத்த பெயர் அது. கொண்டைக்குருவி இனம்தான், ஆனால் அதைவிடப் பெரியது. வைக்கோல் நிறத் தலை, வாயோரம் கறுப்பாக ஒரு மீசைக் கோடு. ஆற்றோரத்தில்தான் இருக்கும். குடத்திலிருந்து தண்ணீரைச் சாய்த்து ஊற்றினால் ஒரு சத்தம் வருமே, அப்படிப் புரண்டு புரண்டு வரும் அதன் குரல். ஜோடியில் ஒன்று தொடங்கினால் மற்றொன்று நடுவில் சேர்ந்துகொள்ளும். கனமான குரல் என்பதால் அது அவன் காதுக்கு எட்டியது. கோத்தா திங்கியில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பும்போது, ஆற்றோரம் ஒதுங்கி நின்ற இடத்தில் கேட்டிருக்கிறான். என்னை அழைத்துப்போய் அந்தக் குழாயில் உட்கார வைத்தான். பறவை பாடியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். "கேக்குது டா, எனக்கு முழுசா கேக்குது" என்றான்.

அந்தப் பாட்டுதான் அந்தப் பறவைக்கு எமன். கூண்டில் வளர்க்க ஆசைப்பட்டுப் பிடித்துப் பிடித்து, பெரும்பாலான ஆறுகளில் அது இல்லாமலே போய்விட்டது. அதனால் பறவை பார்க்கிற எங்கள் கூட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பராவ்-பராவ் இருக்கிற இடத்தை யாரும் யாருக்கும் சொல்லக்கூடாது. கட்டிய மனைவிக்குக்கூடச் சொல்லக்கூடாது. அவன் எனக்குச் சொன்னான். எனக்கு மட்டும்தான் சொன்னான்.

ஓராண்டு முழுக்க வெள்ளிக்கிழமைகளில் போனோம். நான் முதலில் போய்விடுவேன். அவன் முச்சந்திக் கடையில் நின்று இரண்டு பொட்டலம் நாசி லெமாக் சோறு வாங்கிக்கொண்டு வருவான். குழாயில் உட்கார்ந்து பசியாறிக்கொண்டே பாட்டுக் கேட்போம். ஒரு நாள் அது இலை மறைவிலிருந்து வெளியே வந்து பாடியதை என் கைப்பேசியில் படம் பிடித்தேன். நாற்பது நொடி. அவ்வளவு தெளிவாக யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அதை நான் என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம்.

வைத்துக்கொள்ளவில்லை. நான் இருந்த ஒரு முகநூல் பறவைக் குழுவில் போட்டேன். இடத்தைச் சொல்லவில்லை, அந்த மட்டுக்கு எனக்குப் புத்தி இருந்தது. பாராட்டு வந்து குவிந்தது. கிடங்கில் பெட்டி எண்ணுகிறவனை அதுவரை யார் பாராட்டியிருக்கிறார்கள்? மூன்றாம் நாள் ஒருவன் தனியாக மலாயில் செய்தி அனுப்பினான். என்னை 'சிஃபு' என்று அழைத்தான், குருநாதர் என்கிற மாதிரி. தான் படம் மட்டும்தான் எடுப்பானாம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், அவர் சின்ன வயதில் கேட்ட பறவையாம், ஒரு தடவை பதிவு செய்துகொண்டுபோய்ப் போட்டுக் காட்ட வேண்டுமாம். ஒரு வாரம் தினமும் சிஃபு, சிஃபு என்றான். எனக்குத் தலை கனத்துவிட்டது. யாருக்கும் சொல்லாதே என்று பெரிய மனுஷன் மாதிரி புத்திமதி சொல்லிவிட்டு, இடத்தைக் குறித்து அனுப்பினேன்.

இரண்டு வாரம் எங்களால் போக முடியவில்லை, தொழிற்சாலையில் பழுது பார்க்கும் வேலை. மூன்றாம் வெள்ளி வழக்கம்போல் நான் முதலில் போனேன். கரையோரச் செடிகளில் ஏழெட்டுக் குச்சிகள் புதிதாகச் செருகியிருந்தன. தொட்டேன், விரல் ஒட்டிக்கொண்டது. பறவை பிடிக்கிறவர்கள் தடவும் பிசின். ஒரு குச்சியில் பழுப்பு இறகுகள் நாலைந்து. இன்னொன்றில் நகம் அளவுக்கு ஓர் இறகு, வைக்கோல் நிறம். கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். அந்த ஆளின் பெயரே அங்கு இல்லை, என்னை 'பிளாக்' செய்துவிட்டுப் போயிருந்தான்.

அப்போது மோட்டார் சைக்கிள் வரும் சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஆற்றில் எறிந்தேன். கையை மண்ணில் தேய்த்துக்கொண்டேன். அவன் பொட்டலங்களோடு வரும்போது குழாயில் உட்கார்ந்திருந்தேன்.

அவன் பொட்டலத்தைப் பிரிக்காமலே காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு கேட்டான். கால் மணி நேரம் போயிற்று. ஆற்றுச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"பாடுதா?"

இல்லை என்றால், ஏன் இல்லை என்று தேடுவான். அவன் தேடினால் என்னிடம் வந்து நிற்கும். இவ்வளவும் என் மனதில் ஒரு நொடியில் ஓடியது.

"பாடுது" என்றேன்.

அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் செய்தது எனக்கே புரிந்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "இதுவும் போச்சா" என்று மட்டும் சொன்னான். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, கேட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதனைச் செவிடன் ஆக்கினேன். பறவையை வேறு எவனோ பிடித்தான். இதைச் செய்தது நான்.

இனி அவன் வர மாட்டான் என்று நினைத்தேன், அதில் ஒரு நிம்மதிகூட வந்தது. அடுத்த வெள்ளியும் பொட்டலத்தோடு வந்து நின்றான்.

"எனக்குக் கேக்கலன்னா என்ன லா? நீ கேளு. நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்றான்.

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் "பாடுதா?" என்று கேட்பான். பாடுது என்பேன். "எங்க?" என்பான். நான் அத்தி மரத்தைக் காட்டுவேன். அவன் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நாசி லெமாக் சாப்பிடுவான். ஒரு நாள், "நீ போன்ல புடிச்சியே, அத அனுப்பு டா, வீட்டுல காதுகிட்ட வச்சிக் கேட்டுப் பாக்கறேன்" என்றான். அதைக் கேட்டால் அவனுக்குக் கேட்கும். கேட்டால் காது முன்போலத்தான் இருக்கிறது என்று தெரிந்துவிடும். "புது போன் மாத்தினப்ப போயிருச்சு" என்றேன். பொய் பிடிபடக்கூடாதே என்று அன்று வீட்டுக்குப் போய் அந்த நாற்பது நொடியை நிஜமாகவே அழித்தேன். குழுவிலிருந்தும் எடுத்துவிட்டேன்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். மோட்டார் சைக்கிளில் போகும்போது வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொள்வேன். அவன் சிரித்துக்கொண்டே பொட்டலத்தை நீட்டியதும் எல்லாம் கலைந்துவிடும். தீபாவளி கழியட்டும் என்றேன், மழைக்காலம் முடியட்டும் என்றேன். தீபாவளிக்குப் பிறகு அவனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. "பாடுதா?" என்று கேட்பான், ஆனால் "எங்க?" என்று கேட்பதில்லை. மரத்தையும் பார்ப்பதில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் "பாடுது" என்றதும் மெதுவாகத் தலையாட்டுவான். பாவம், மனசு விட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சீனப் பெருநாள் முடிந்த வாரம், ஒரு புதன்கிழமை, காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நான் மாசாயில் இருக்கும் அவன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவன் காதுகளில் பஞ்சு வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டேன்.

பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, அவன் மனைவி என்னை உள்ளே கூப்பிட்டு அந்தத் தொலைநோக்கியைக் கையில் கொடுத்தார். "இது ஒங்களுக்குத்தாண்ணே. எப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார். எனக்கு வாங்கக் கை வரவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, கடைசியில் காது முழுசாகப் போனது அவனுக்குப் பெரிய வேதனைதான் என்று சொல்லி வைத்தேன். அந்த இடத்தில்கூடப் பொய்யைத்தான் காப்பாற்றினேன், பாருங்கள்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"காது எங்கண்ணே போச்சு? வருஷா வருஷம் கம்பெனியில டெஸ்ட் எடுப்பாங்கல்ல, தீபாவளி முடிஞ்ச வாரம் எடுத்தாங்க. போன வருஷம் இருந்த மாதிரியேதான் இருக்கு, கொஞ்சம்கூட மோசமாகலன்னு சொல்லிட்டாங்களாம். நல்ல சேதிதானே? ஆனா அன்னைக்கு இவரு சோறே சாப்பிடலண்ணே."

அவன் உட்கார்ந்து செத்த அதே நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. காது அப்படியே இருக்கிறது என்றால், பறவைதான் இல்லை. பறவை இல்லாத இடத்தில் வாரா வாரம் பாடுது என்று ஒருவன் சொன்னால், அவனிடம் ஏதோ இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். இல்லை, அவன் அப்படியெல்லாம் யோசித்திருக்க மாட்டான் என்று என்னை நானே எத்தனையோ தடவை சமாதானப்படுத்திப் பார்த்தேன். அவன் மரத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தது நினைவுக்கு வந்துவிடும். அதோடு சமாதானம் போய்விடும். நான் என்ன செய்தேன் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்ததா, அதை மன்னித்தானா, இல்லை என்னை உள்ளுக்குள் வெறுத்துக்கொண்டே அந்தப் பொட்டலத்தை நீட்டினானா, எனக்குத் தெரியாது. கேட்பதற்கும் ஆள் இல்லை.

இப்போது மாநிலத்தில் வார விடுமுறை ஞாயிறுக்கு மாறிவிட்டது. நான் லீவு போட்டுவிட்டு வெள்ளிக்கிழமையில்தான் அந்த ஆற்றுக்குப் போகிறேன். பராவ்-பராவ் திரும்பி வரவில்லை. இனி வராது என்றுதான் நினைக்கிறேன். அந்தக் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும் என்றால் என்னிடம் நாற்பது நொடிகூட இல்லை. தொலைநோக்கி என் கழுத்தில் தொங்குகிறது. ஏதாவது பறவை தெரிந்தால் கழற்றப் போய், பக்கத்தில் யாருமில்லை என்பது நினைவுக்கு வந்து, அப்படியே விட்டுவிடுகிறேன்.

அந்தப் பதினாறாம் நாள் வீடு திரும்பியதும் நாட்காட்டியை எடுத்து எண்ணிப் பார்த்தேன். காது பரிசோதனைக்குப் பிறகு, மழையில் போகாத இரண்டு வாரத்தைக் கழித்தால், நாங்கள் சேர்ந்து உட்கார்ந்தது பதினோரு வெள்ளிக்கிழமை. எல்லாவற்றையும் முதலில் எனக்கே கொடுத்துப் பழகியவன், உண்மையைச் சொல்லும் வாய்ப்பையும் எனக்குத்தான் கொடுத்திருக்கிறான், "பாடுதா?" என்று பதினோரு தடவை கேட்டான், பதினோரு தடவையும் நான் "பாடுது" என்றேன்.